பத்துக்குப் பதினேழு கார் ஷெட்: எத்தனை ரேக் வாங்கலாம்?

கேள்வி: தனி வீடு. ஷட்டர் போட்ட கார் ஷெட், உள்ளளவு 10 அடி அகலம், 17 அடி நீளம். ஸ்விஃப்ட் கார் தெருவில் நிற்கிறது. ஷெட்டுக்குள் வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், பெயிண்ட் டப்பாக்கள், பழைய டயர்கள், இரண்டு சைக்கிள், அலுமினிய ஏணி, இன்வெர்ட்டர், அப்பாவின் ஓடாத ஸ்கூட்டர் எல்லாம் கிடக்கின்றன. ஒழுங்குபடுத்த எத்தனை ரேக் வாங்க வேண்டும்?

பதில்: ரேக் கடைக்கு இப்போதே போகாதீர்கள். முதலில் அளவு டேப்பை எடுங்கள்.

இப்போது விற்கும் ஸ்விஃப்டின் நீளம் 3,860 மி.மீ., அகலம் 1,735 மி.மீ. இந்த அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேராது. 10 அடி என்பது சுமார் 3,050 மி.மீ., 17 அடி என்பது 5,180. ஆக, காரை உள்ளே விட்டபின் பக்கவாட்டில் 1,315, நீளவாட்டில் 1,320 மிஞ்சும். உங்கள் ஷெட்டில் சாமான் வைக்க இருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் காரின் இடம்.

பக்கவாட்டு மிச்சத்தை முதலில் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து நெளியாமல் இறங்க 750 மி.மீ., அதாவது இரண்டரை அடி வேண்டும். 600-க்குக் கீழே போனால் தினமும் கதவு சுவரில் இடிக்கும். 750 விட்டால் இடது பக்கம் 565 மிஞ்சும். அதிலும் கண்ணாடி ஒரு சாண் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழித்தால் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு முழம்கூட வராது. அங்கே ஒரு அடி ஆழ ரேக்கை வைத்தால் கண்ணாடி அதை உரசும், ஆளும் நுழைய முடியாது. ஆகவே இடது சுவரில் ரேக் கூடாது. சுவரை ஒட்டித் தொங்கும், ஆறு அங்குலத்துக்கு மேல் துருத்தாத பொருள்கள் மட்டும்தான் அங்கே. ஆட்களையும் பைகளையும் வாசலிலேயே இறக்கிவிட்டுத்தான் காரை உள்ளே விட வேண்டியிருக்கும்.

ஷெட்டுகள் குப்பைக் கிடங்காவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நீளச் சுவர் காலியாக இருக்கிறதே என்று ஒன்றரை அடி ரேக்கை அதில் சாத்துவார்கள். கதவு திறக்கச் சிரமமாகிக் கார் ஒருநாள் தெருவுக்குப் போகும். கார் நின்ற இடத்தில் இன்னொரு ரேக் வரும்.

நீளவாட்டில் ஷட்டருக்கும் பின் பம்பருக்கும் 300 விடுங்கள். முன்னால் 1,020 கிடைக்கும். அதில் 15 அங்குல (380 மி.மீ.) ஆழ ரேக் போட்டாலும் நின்று எடுக்க ஏறக்குறைய இரண்டடி இருக்கும். அந்தச் சுவர் 10 அடி அகலம். 3 அடி ரேக் மூன்று நிற்கும், ஆனால் ஒரு மூலை இன்வெர்ட்டருக்குப் போய்விடும். எனவே உங்கள் கேள்விக்கு விடை இரண்டு. இரண்டு ரேக்கில் அடங்காத எதுவும் அந்த ஷெட்டில் இருக்கக் கூடாது.

இதைத் தரையில் எழுதிவிடுவது நல்லது. காரைச் சரியான இடத்தில் நிறுத்தி நான்கு பக்கமும் சாக்பீஸால் கோடு போடுங்கள். இரண்டு மூன்று நாள் ஏறி இறங்கிப் பார்த்துத் திருத்திக்கொண்டு, அதன்பின் எனாமல் பெயிண்டால் இரண்டு அங்குலக் கோடாக அடியுங்கள். முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் மூன்று அங்குல உயரத்தில் கான்கிரீட்டிலோ மரக்கட்டையிலோ ஒரு தடுப்பு வையுங்கள். நான்கு அங்குலத்தைத் தாண்டினால் பம்பரின் அடிப்பகுதி உரசலாம். தடுப்பு இருந்தால் யார் ஓட்டினாலும் கார் ஒரே இடத்தில் நிற்கும். முன் சுவரை இடிக்கும் பயமும் இல்லை. கோடு போட்டபின் அதற்குள் ஒரு அட்டைப்பெட்டி வந்தால் வீட்டில் எல்லோருக்கும் கண்ணில் படும். கோடில்லாத தரையில் அதே பெட்டி ஆறு மாதம் கிடக்கும்.

இனி காலி செய்வது. மழை இல்லாத ஒரு நாளில் காலை ஏழு மணிக்குத் தொடங்கி எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவாருங்கள். பாதியை உள்ளேயே வைத்துக்கொண்டு ஒதுக்குவது வேலைக்காகாது, பொருள் இடம் மாறுமே தவிரக் குறையாது. மூட்டை, செங்கல், டைல்ஸ் குவியலைக் கையுறையும் மூடிய செருப்பும் போட்டு, கம்பால் ஒருமுறை தட்டிவிட்டு எடுங்கள். நாள்பட்ட குவியலில் தேளும் பூரானும் இருக்கும், சில இடங்களில் பாம்பும் அடையும்.

உங்கள் பட்டியலில் அதிக இடத்தைத் தின்பது ஸ்கூட்டர். ஏறக்குறைய ஆறடி நீளம், இரண்டேகால் அடி அகலம். அது நின்றால் ஓட்டுநர் பக்கம் இறங்கும் இடம் முழுதும் போய்விடும். ஸ்கூட்டர், கார் இரண்டில் ஒன்றுதான் அங்கே இருக்க முடியும் என்பதுதான் கணக்கு. ஓட வைப்பதாக இருந்தால் மெக்கானிக்கிடம் அனுப்பிவிட்டு, வேறு இடத்தில் நிறுத்துங்கள். பதிவு 15 ஆண்டைத் தாண்டியிருந்தால் புதுப்பிக்காமல் சாலையில் ஓட்ட முடியாது. கழிப்பதாக இருந்தால் நேராக இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். ஆர்.சி. ரத்தாகாதவரை பதிவேட்டில் வண்டி உங்கள் அப்பா பெயரில்தான் இருக்கும், நாளை அந்த எண் எங்காவது சிக்கினால் தேடி வருவதும் அவரைத்தான். அரசு பதிவு பெற்ற வாகனக் கழிவு மையத்தில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்துவிடலாம். எந்த முடிவாக இருந்தாலும் இன்றைக்கே டேங்கில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, பேட்டரி இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

டைல்ஸில் எல்லோரும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள்: ஒன்று, மிஞ்சிய பத்துப் பெட்டியையும் வைத்திருப்பது, அல்லது அத்தனையையும் யாருக்காவது கொடுத்துவிடுவது. ஒரே டிசைன் என்றாலும் அடுத்த முறை சுட்டு வரும் டைல்ஸில் நிறம் சற்று மாறும். அதனால் ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும், குளியலறை டைல்ஸில் இரண்டு வைத்தாலும் தப்பில்லை, குழாய் வேலைக்கு உடைபடுவது அங்கேதான். பெட்டியின் மேலுள்ள டிசைன் பெயர், ஷேடு எண், பேட்ச் எண் மூன்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். இரண்டுக்கு இரண்டடி டைல்ஸ் நான்கு கொண்ட பெட்டி முப்பது கிலோவுக்குப் பக்கம் வரும். பரணில் ஏற்றவே கூடாது. பரண் பலகை பெரும்பாலும் மூன்று அங்குலக் கான்கிரீட்தான், துணிமூட்டைக்கும் பாத்திரத்துக்கும் போட்டது. டைல்ஸைப் படுக்க வைத்து அடுக்கினால் அடியில் உள்ளது விரிசல் விடும். முன் சுவரில் ரேக்கின் அடித்தட்டுக்குக் கீழே, இரண்டு மரச்சட்டத்தின் மேல், செங்குத்தாக நிறுத்துங்கள்.

பெயிண்டில் பாதிக்கு மேல் ஏற்கெனவே செத்திருக்கும். திறந்து பாருங்கள். எமல்ஷன் புளித்த நாற்றம் அடித்தாலோ, குச்சியால் கலக்கியும் கட்டி கரையாவிட்டாலோ அது குப்பை. மணலோ மரத்தூளோ கலந்து, மூடியைத் திறந்துவைத்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். நன்றாக இருப்பதைப் பெரிய வாளியிலேயே விடாமல் நிரம்பும் அளவுள்ள சின்ன டப்பாவுக்கு மாற்றுங்கள். டப்பாவுக்குள் எவ்வளவு காற்று மிஞ்சுகிறதோ அவ்வளவு சீக்கிரம் ஏடு கட்டும். மூடியில் அறையின் பெயர், ஷேடு எண், தேதி எழுதுங்கள். ‘ஹால், கிழக்குச் சுவர்’ என்று எழுதாத டப்பா இரண்டு வருடம் கழித்து வெறும் வெள்ளை டப்பாதான்.

கூடவே வீடு கட்டிய மற்ற மிச்சங்களையும் பாருங்கள். திறந்த சிமெண்ட் மூட்டை மூன்று மாதம் தாண்டினால் பலம் குறைந்திருக்கும், கையில் எடுத்தால் கட்டி கட்டியாக வந்தால் பூச்சுக்குக்கூட ஆகாது. திறந்த சிலிக்கான் டியூப், கெட்டிப்பட்ட பி.வி.சி. பசை, கால் முழ பைப் துண்டுகள் மூன்றும் ‘எதற்காவது ஆகும்’ என்று இருப்பவை. ஆகாது. இரண்டடிக்குக் குறைந்த பைப்பை வைக்க வேண்டாம்.

தின்னர், டர்பன்டைன் இரண்டையும் அரை லிட்டருக்கு மேல் வைக்கக் காரணமே இல்லை. வாங்கிய தகர டப்பாவிலேயே, இன்வெர்ட்டருக்கு எதிர் மூலையில் இருக்கட்டும். பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் எங்கோ விழும் பொறியில் பற்றும். மரப் பாலிஷுக்குப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் பையில் போடாதீர்கள், உலரும்போது தானே சூடேறி எரியக்கூடியது அது. விரித்துக் காயவைத்துவிட்டு எறியுங்கள். ஷெட் கூரை தகர ஷீட்டாக இருந்தால் ஸ்ப்ரே டப்பாக்கள் மேல்தட்டில் கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாதென்று டப்பாவிலேயே போட்டிருக்கும், சித்திரை வெயிலில் ஷீட்டுக்கு அடியில் அதை எட்டுவது பெரிய காரியமல்ல.

பழைய டயர்களுக்கு வீட்டில் வேலையில்லை. புது டயர் போடும்போதே கடையில் விட்டுவிட்டு வர வேண்டியவை. உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கினாலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் பறக்கவும் ஆரம்பித்துவிடும். தண்ணீர் வற்றினால் தீர்ந்தது என்றும் இல்லை. டயரின் உட்சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

இன்வெர்ட்டருக்கு வருவோம். 150 ஏ.ஹெச். ட்யூபுலர் பேட்டரி ஐம்பது, அறுபது கிலோ இருக்கும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும். அதன் தலைக்கு மேல் தட்டும் கூடாது, ஆணியில் ஸ்பேனரும் தொங்கக் கூடாது. ஸ்பேனர் இரண்டு முனையிலும் குறுக்காக விழுந்தால் அந்த நொடியே பொறியும் உருகலும்தான். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும் மிதவையைப் பார்க்கவும் மேலே ஒன்றரை அடி வேண்டும். மேலே ஏறும் ஹைட்ரஜனுக்கும் கீழே இறங்கும் பெட்ரோல் ஆவிக்கும் சேர்த்து, ஷெட்டில் உயரத்தில் ஒன்றும் தரையருகே ஒன்றுமாக வலையடித்த காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். ஷட்டரே கிரில் வகையாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. உபரி கேஸ் சிலிண்டரை ஷெட்டில் வைக்கும் வீடுகள் உண்டு. மூடிய ஷெட்டில் வேண்டாம், அந்த வாயுவும் கீழே தங்குவதுதான்.

சைக்கிள் இரண்டில் யாராவது மிதிப்பது எது? அது மட்டும் இருக்கட்டும். முன் சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் சுவரிலிருந்து மூன்றரை அடி துருத்தும், உங்கள் ஷெட்டில் அதற்கு இடமில்லை. கூரை கான்கிரீட் என்றால், பானெட்டுக்கு மேலே கப்பி போட்டுக் கயிற்றால் ஏற்றலாம். இல்லையென்றால் வலது சுவரில் ஷட்டர் ஓரம், ஓட்டுநர் கதவு திறக்கும் இடத்தைத் தாண்டி, பின் டயர் பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தலாம். ஏணி இடது சுவருக்கு: படுக்கைவாட்டில், காரின் கண்ணாடிக்கு மேலே ஐந்தடி உயரத்தில், மூன்று கொக்கிகள். தோட்டக் குழாய், மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் அதே சுவரில், கனமானது கீழே.

கொக்கி பிடுங்கிக்கொண்டு வருவதற்குக் காரணம் கொக்கியல்ல, ஸ்க்ரூவின் நீளம். சுவர்ப் பூச்சே அரை அங்குலம் இருக்கும். ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ செங்கல்லில் முக்கால் அங்குலம்கூடப் பிடிப்பதில்லை. 8 மி.மீ. பிட்டால் துளையிட்டு, ஊதித் தூசியை எடுத்துவிட்டு, 8 மி.மீ. நைலான் பிளக்கும் 50 மி.மீ. ஸ்க்ரூவும் போடுங்கள். இரண்டு செங்கல்லுக்கு நடுவே கலவையில் துளை விழுந்தால் சிவப்புத் தூளுக்குப் பதில் சாம்பல் தூள் வரும். ஒன்றரை அங்குலம் தள்ளி மறுபடி போடுங்கள். ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவர் என்றால் சாதாரண பிளக்கும் ஆங்கர் போல்ட்டும் பிடிக்காது, அதற்கென்று தனி பிளக் கேட்டு வாங்க வேண்டும். பத்துக் கொக்கிக்குப் பத்து இடத்தில் சுவரைத் துளைப்பதைவிட, 18 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றை ஆறு ஸ்க்ரூவில் சுவரில் இறுக்கிவிட்டு, கொக்கிகளைப் பட்டையில் அடிப்பது எளிது. நாளைக்கு இடம் மாற்றவும் வசதி.

இப்போது ரேக். ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்: 3 அடி அகலம், 15 அங்குல ஆழம், 7 அடி உயரம், ஐந்து தட்டு. ஆங்கிள் 14 கேஜ், தட்டு 20 கேஜ் கேளுங்கள். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும், மலிவு விலை சொல்பவர் 22 அல்லது 24 கொடுப்பார். கனமான டூல்ஸ் வைத்தால் அது நடுவில் தொய்யும். மேல்தட்டிலும் அடித்தட்டிலும் முக்கோண மூலைத் தகடுகள் கட்டாயம், அவை இல்லாத ரேக் பக்கவாட்டில் ஆடும். போல்ட்டை முதலில் கைப்பிடிக்கு மட்டும் திருகி, நிற்க வைத்து நேர் பார்த்தபின் இறுக்குங்கள். உங்கள் ஷெட்டில் இன்னொன்று: கார் கழுவும் தண்ணீர் வெளியே போக, தரை ஷட்டர் பக்கம் சரிந்திருக்கும். முன் சுவரில் நிற்கும் ரேக் அந்தச் சரிவோடு காரை நோக்கிச் சாயும். முன்னிரண்டு காலுக்கு அடியில் தகடு கொடுத்து நிமிர்த்தி, மேலே எல் கிளாம்பால் சுவரோடு பிணையுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து ஒன்றேகால் அடியாவது உயரம், இரண்டடி டைல்ஸை அதற்குக் கீழே நிறுத்துவதானால் இரண்டேகால் அடி. தெருவில் மழைத் தண்ணீர் ஏறும் பகுதி என்றால் இரண்டடி. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் ஏறியது, தரையில் இருந்ததெல்லாம் போனது. டைல்ஸ் நனைந்தால் கவலையில்லை, கீழே அதுதான் இருக்கலாம்.

தட்டில் எதை எங்கே வைப்பது என்பதில் பொருள்வாரியாகப் பிரிப்பது பலருக்குத் தோன்றும்: ஸ்பேனரெல்லாம் ஒரு பெட்டி, டேப்பெல்லாம் ஒரு பெட்டி. வேலைவாரியாகப் பிரித்தால்தான் திரும்பவும் அதே பெட்டிக்கு வந்து சேரும். ‘குழாய்’ என்றொரு பெட்டி: பைப் ரிஞ்ச், டெஃப்லான் டேப், வாஷர்கள், ஒரு உபரிக் குழாய், பி.வி.சி. பசை, ஹேக்ஸா. ‘கரண்ட்’ என்றொரு பெட்டி: டெஸ்டர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், ஃபியூஸ் கம்பி, ஒரு சுவிட்ச், ஒரு ஹோல்டர். ‘கார்’ என்றொரு பெட்டி: காற்றழுத்த மானி, துடைக்கும் துணி, கூலன்ட் மிச்சம். ‘தோட்டம்’ ஒன்று. குழாய் ஒழுகும்போது ஒரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஸ்க்ரூ டிரைவர் முதல் மூன்று பெட்டியிலும் தனித்தனியாக இருந்தால் வீண் செலவில்லை. பெட்டிகள் பக்கம் தெரியும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம். கரையானுக்கு அட்டையும் ஈரமும்தான் விருந்து, கரப்பான் முட்டையிடுவதும் அதன் மடிப்பில்தான். டி.வி. வந்த பெட்டி, தெர்மகோல் எல்லாம் கேரண்டிக்கு வேண்டும் என்று வைத்திருப்பார்கள். பெரும்பாலும் கேட்பது பில்லை மட்டும்தான்.

கலந்து கிடக்கும் ஸ்க்ரூ, ஆணி, நட்டுகளைப் பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடாதீர்கள். ஒரு பிஸ்கட் ஜாடி நிறைய வைத்துக்கொண்டு மீதியை இரும்புக் கடைக்குக் கொடுங்கள். அங்கே பித்தளைக் குழாயையும் செம்புக் கம்பியையும் தனியாகக் கொடுத்தால்தான் அதற்குரிய விலை வரும். பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கழித்துக்கொள்வார்கள்.

எலிக்கு ஷட்டரின் அடி இடைவெளி வாசற்படி. அரை அங்குலம் இருந்தாலே எலி நுழையும். ஷட்டரின் அடிப்பட்டையில் ரப்பர் போட்டு அடைத்துவிடுங்கள். நாய்க்கான தீனி, அரிசி மூட்டை, தேங்காய் மூன்றும் ஷெட்டில் இருக்கும்வரை எந்த மருந்தும் பலிக்காது, தீனிக்கு வந்த எலிதான் பானெட்டுக்குள் ஏறி வயரைக் கடிக்கிறது. சுவரோரம் மண் கோடு ஓடினால் கரையான் வழி அது. தட்டி உதிர்த்தால் மட்டும் போதாது, அது புறப்படும் வெடிப்பைக் கண்டுபிடித்து மருந்து விட்டு அடைக்க வேண்டும். ரேக்கைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் இந்தக் கோடு உடனே தெரியும்.

பராமரிக்கத் தனியாக நாள் குறிக்க வேண்டாம், நாள்காட்டியிலேயே இரண்டு இருக்கின்றன. ஆயுத பூஜைக்கு எப்படியும் கருவிகளைக் கீழே இறக்கித் துடைப்பீர்கள். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருவதால், அன்றே இரும்புக் கருவிகளுக்கு மெஷின் எண்ணெய் தடவி, தரையில் உள்ளதை மேலேற்றிவிடுங்கள். அன்று பொட்டு வைக்கக் கையில் எடுக்காத கருவி அந்த வருடம் முழுக்க வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மழை முடிந்து போகி வரும்போது பெட்டிகளைத் திறந்து ஈரம் பார்த்து, கழிப்பதைக் கழியுங்கள். டயரையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் கொளுத்த வேண்டாம்.

மழையில் நனைந்த காரை உள்ளே விட்டதும் ஷட்டரை முழுதாக இறக்கிவிடாதீர்கள். சூடான எஞ்சினும் சொட்டும் தண்ணீரும் சேர்ந்து ஷெட்டை ஆவி பிடிக்க வைக்கும், மறுநாள் ஸ்பேனரில் துரு பூக்கும். ஒரு மணி நேரம் ஒரு சாண் திறந்திருக்கட்டும், தரைத் தண்ணீரை வைப்பரால் வெளியே தள்ளிவிட்டு மூடுங்கள்.